புது வீட்டுக்கு நெட் வந்த கதை

வீடு கட்டுகிறவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்விகள் ஒரே மாதிரிதான் இருக்கும். போர் எத்தனை அடியில் தண்ணீர் கொடுத்தது? கரண்ட் சர்வீஸ் வந்துவிட்டதா? ரோடு எத்தனை அடி? பட்டா சரியாக இருக்கிறதா? "நெட் வருமா?" என்று கேட்பவர் குறைவு. குடிபோன பிறகு ஒரு போன் போட்டால் கேஸ் சிலிண்டர் மாதிரி வந்து இறங்கிவிடும் என்றுதான் நினைப்பு. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், திருவெறும்பூர் தாண்டி, உள்ளே தள்ளி ஒரு புது மனைப்பிரிவில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனோம். ஒழுங்கான நெட் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் அந்தக் கதையை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுக்காக இது.

"இந்த வயதில் உங்களுக்கு எதற்கு அவ்வளவு வேகம்?" என்று சிலருக்குத் தோன்றும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிக்குக் காது மந்தம். வயது 71. இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து பேசினால் சமாளித்துவிடுவாள். போனில் குரல் மட்டும் வந்தால் பாதிக்கு மேல் புரியாது. அவளுடைய அக்கா திருநெல்வேலியில் மகன் வீட்டில் இருக்கிறார், வயது 78. இவளுக்கு முழங்கால், அவருக்கு இடுப்பு. பஸ், ரயில் எல்லாம் முடிந்துபோன கதை. ஆகவே இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் பேசிக்கொள்வார்கள். டவுனில் பழைய வீட்டில் இருந்தவரை ஒரு நாள் விட்டதில்லை.

வீடியோ என்றால் முகத்தைப் பார்த்து ஆசைப்படுவதற்கு மட்டும் இல்லை. அவள் காதால் பாதியும் கண்ணால் பாதியும் கேட்கிறாள். "படம்", "தடம்", "கடம்" என்ற மூன்று வார்த்தைகளையும் அவளுக்குப் பின்னால் நின்று சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும். எதிரே நின்று சொன்னால் "ப" சொல்லும்போது உதடு மூடுவது தெரிந்துவிடும். அதே சமயம் "படம்", "மடம்" இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அங்கே கண்ணால் பிரயோஜனம் இல்லை, காதுதான் கைகொடுக்க வேண்டும். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கிறது. உதட்டசைவும் குரலும் ஒரே நொடியில் வந்தால்தான் இந்த வித்தை நடக்கும். குரல் அரை விநாடி பின்தங்கினால் இரண்டும் சேர்ந்து அவளைக் குழப்பிவிடும்.

இதை மனதில் வைத்துத்தான் வீடு கட்டும்போதே எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று சொன்னேன். காம்பவுண்டு சுவர் ஓரத்திலிருந்து ஹாலுக்கு ஒரு பைப், ஹாலிலிருந்து மாடி அறைக்கு ஒரு பைப். இரண்டும் ஒரு இஞ்ச், உள்ளே எதுவும் வேண்டாம், காலியாக இருக்கட்டும். கரண்ட் வயர் போகிற பைப்போடு சேராமல் தனியாக ஓடட்டும். அவர் சிரித்தார்.

"இப்ப எல்லாமே வயர்லெஸ் சார். வெறும் பைப்பை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

காற்றில் வருவது வீட்டுக்குள் இருக்கிற கடைசிப் பத்தடி மட்டும்தான். அதுவரைக்கும் ஒரு கேபிள் வந்தாக வேண்டும். காற்றில் வருவதற்கும் சுவர் ஒரு தடைதான். வைஃபை பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். முதலாவது கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறைவு. இரண்டாவது நல்ல வேகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். நம் வீடுகளில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், மேலே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். கீழே ஹாலில் பெட்டியை வைத்துவிட்டு மாடி அறையில் முழு வேகம் வர வேண்டும் என்றால் நடக்காது. மேலே ஒரு கேபிள் போய், அங்கே இன்னொரு சின்னப் பெட்டி இருக்க வேண்டும். பூச்சு வேலை முடிவதற்கு முன்னால் பைப் வைத்தால் சில நூறு ரூபாயோடு போகும். பெயின்ட் அடித்த பிறகு சுவரை வெட்டினால் செலவு மட்டுமில்லை, வீட்டில் சமாதானமும் போகும்.

தை மாதம் குடிபோனோம். ஒரு பெரிய கம்பெனியின் செயலியில் பின்கோடு போட்டுப் பார்த்தால் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வந்தது. பணம் கட்டினோம். ஒரு வாரம் கழித்து இரண்டு பையன்கள் பைக்கில் வந்து தெருவை மேலும் கீழும் பார்த்தார்கள். "இந்தத் தெருவில கம்பமே இல்லையே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பின்கோடு என்பது பத்துப் பதினைந்து ஊருக்குப் பொது. மெயின் ரோட்டில் இருந்தால் எல்லாத் தெருவிலும் இருப்பதாகச் செயலிக்குக் கணக்கு. கட்டிய பணம் திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்ததாக சிம் கார்டு போடுகிற ரவுட்டர் வாங்கினோம். காலை பதினோரு மணிக்கு அமர்க்களமாக ஓடும். சாயங்காலம் ஆறு மணி ஆனால் படுத்துவிடும். ஒரு டவரின் கொள்ளளவை அந்த வட்டாரத்தில் இருக்கிற அத்தனை போன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வேலை விட்டு வந்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் திறந்தால் ஆளுக்குக் கிடைப்பது சொட்டுச் சொட்டாகத்தான். படமும் குரலும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகின்றன. சில பொட்டலம் முன்னால், சில பொட்டலம் பின்னால் வந்தால் முகம் உறைந்து நிற்கும், குரல் தனியாக ஓடும். மற்றவர்களுக்கு அது ஒரு தொந்தரவு. அவளுக்கு அது செவிடு.

மொட்டை மாடியில் சிக்னல் கொஞ்சம் நன்றாக இருந்தது. முழங்காலோடு படியேறிப் போக ஆரம்பித்தாள். மேற்கு வெயில் நேராகத் திரையில் அடிக்கும், அக்காவின் உதடு தெரியாது. வெயில் சாய்ந்த பிறகு போனால் கொசு. காற்று அடித்தால் காது மெஷினில் புஸ்ஸென்று ஒரே இரைச்சல்.

ஒரு நாள் அக்கா ஏதோ சொன்னார். இவளும் "சரி, சரி" என்று தலையாட்டினாள். காது கேட்காதவர்கள் அப்படித்தான். மூன்றாவது தடவையும் "என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். நான்கு நாள் கழித்து அக்கா மகன் எனக்குப் போன் பண்ணினான். "அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது சித்தப்பா. சித்திகிட்டதான் அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்களே. நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தாங்க" என்றான்.

மனைவியிடம் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவ சொல்லியிருக்கா. நான் தலையாட்டியிருக்கேன். ஆபரேஷனுக்குப் போறவளுக்கு ஒரு தைரியம்கூடச் சொல்லலை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "விடுங்க, இனிமே வாரத்துக்கு ஒரு தடவை பேசிக்கறேன். அவன் பக்கத்துல இருந்தா எழுதிக் காட்டுவான்" என்றாள். அவள் சண்டை போட்டால் எனக்குக் கவலை இல்லை. விட்டுக்கொடுத்துப் பேசினால்தான் பயம்.

மறுநாள் காலையில் கேபிள் டிவிக்காரரைப் போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கமெல்லாம் டிவி கேபிள் இழுத்தவர்களே இப்போது ஃபைபரும் கொடுக்கிறார்கள். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"என் கடைசி பாக்ஸ் மெயின் ரோட்டுல இருக்கு சார். அங்கேருந்து உங்க வீடு 600 மீட்டர். ஒரு வீட்டுக்கு இழுத்தா எனக்குக் கட்டாது. எட்டு வீடு பிடிச்சுக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஏன் எட்டு என்று கேட்டேன். ஃபைபரில் வருவது ஒளி. ஒரே இழையில் வருகிற ஒளியை ஒரு சின்னப் பெட்டி எட்டு கிளையாகப் பிரித்துக் கொடுக்கும். அந்தப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம், கண்ணாடிதான் அந்த வேலையைச் செய்கிறது. எட்டு வீடு இருந்தால் அந்தப் பெட்டியும் 600 மீட்டர் கேபிளும் அவருக்குப் பழுதில்லை.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகக் குடியிருந்தது பதினொரு வீடு. வரிசையாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் பெண் நீட் படிக்கிறாள், உடனே சரி என்றார்கள். இன்னொரு வீட்டில் பையன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம், இங்கே நெட் இல்லாததால் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர், "எனக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க வீட்டம்மாவுக்காகச் சேர்ந்துக்கறேன்" என்றார். இப்படி எங்களையும் சேர்த்து ஏழு வீடு ஆயிற்று.

எட்டாவதாக வர வேண்டியவர் தெருமுனை வீட்டுக்காரர். வருகிறாரோ இல்லையோ, அவர் காம்பவுண்டு ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பம் நட்டால்தான் கேபிள் திரும்பி எங்கள் தெருவுக்குள் வரும். அவர் முடியாது என்றார். பழைய வீட்டில் தொங்கிய கேபிள் ஒன்று பைக்கில் போனவரின் கழுத்தில் மாட்டியதை நேரில் பார்த்தவராம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

மூன்றாவது தடவை என் மனைவியும் கூட வந்தாள். அவருக்கு அய்யனார் மாதிரி மீசை, மேல் உதட்டை முழுக்க மூடியிருக்கும். அவர் பேசப் பேச இவள் முழித்தாள். கடைசியில் நேராகக் கேட்டுவிட்டாள்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன். உங்க மீசையில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் ஒதுக்கிக்கிட்டுச் சொல்லுங்களேன்."

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. மனிதர் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "கேபிள் தொங்கக் கூடாதுக்கா. அதான் என் பயம்." இவள், "தொங்காது. தொங்கினா நானே வந்து அறுத்துப் போடறேன்" என்றாள். கம்பத்துக்கு இடம் கிடைத்தது. லாரி போனாலும் தட்டாத உயரம் என்று கேபிள்காரரிடம் பேசி முடித்தோம். எட்டாவது வீடாக அவரே சேர்ந்தார்.

வேலை நடந்த நாளில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஃபைபர் இழையின் பருமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடுவது அதன் நடுவில் இருக்கிற 9 மைக்ரான் தடத்தில் மட்டும். அந்தப் பையன் இரண்டு இழைகளின் நுனியையும் நறுக்கென்று வெட்டி, ஒரு சின்ன மெஷினில் எதிரெதிராக வைத்தான். மெஷின் தானே இரண்டையும் நேர்படுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டியது. கண்ணுக்கு ஒட்டே தெரியவில்லை. "நுனியைக் கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க சார், லைட் இருக்கும், நமக்குத் தெரியாது" என்று எச்சரித்தான். வருவதற்கு 1490 நானோமீட்டர், போவதற்கு 1310 நானோமீட்டர் என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு நிறம். அதனால் ஒரே இழையில் இரண்டு பக்கமும் போக்குவரத்து முட்டாமல் நடக்கிறது.

காம்பவுண்டிலிருந்து ஹாலுக்குப் பத்து நிமிடத்தில் இழுத்துவிட்டான். மாடிக்குப் போகிற பைப்பில் ஒரு வளைவில் கம்பி முட்டி நின்றது. பூச்சு வேலையின்போது வாய் அடைக்காமல் விட்டதில் சிமென்ட் போய்க் கெட்டியாகியிருந்தது. அரை மணி நேரம் ஜிஐ கம்பியை விட்டு இடித்து, தட்டி, ஒருவழியாக வழி பண்ணினார்கள். மாடிக்குப் போனது கேட் 6 என்கிற செம்புக் கேபிள். ஃபைபரைப் போல் கிலோமீட்டர் கணக்கில் போகாது, 100 மீட்டர்தான் அதன் எல்லை. வீட்டுக்கு அது தாராளம்.

கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்து, "மைனஸ் 19, சூப்பர் சார்" என்றான். மைனஸ் 27க்குக் கீழே போனால் பெட்டி ஒளியைப் பிடிக்கத் தடுமாறுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 19 என்றால் ஒரு மில்லிவாட்டில் எண்பதில் ஒரு பங்கு. அந்தத் துளி ஒளியில் திருநெல்வேலியிலிருந்து ஒரு முகம் வந்து சேர்கிறது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையைச் சுற்றிக்கொண்டு வந்தாலும், வழியில் ஒளிக்கு ஆகிற நேரம் நூறில் ஒரு விநாடிகூட இல்லை.

கண்ணாடி இழையில் பேச்சை அனுப்பலாம், கண்ணாடியைப் போதுமான அளவு சுத்தமாக்கினால் போதும் என்று 1966இல் எழுதிக் காட்டியவர் சார்லஸ் காவ். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அல்சைமர் நோய் அவரைப் பிடித்திருந்தது. நோபல் உரையை அவருக்குப் பதிலாக அவர் மனைவி படித்தார். உலகத்தையே பேச வைத்தவருக்காக மனைவி பேச வேண்டியிருந்தது. இதை நான் என் மனைவியிடம் சொன்னபோது, "நல்ல புண்ணியவதி" என்றாள். யாரைச் சொன்னாள், எதற்குச் சொன்னாள் என்று நான் நோண்டவில்லை.

நாங்கள் எடுத்தது 100 எம்பிபிஎஸ் திட்டம். அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 12.5 மெகாபைட். 2004இல் அரசாங்கம் பிராட்பேண்ட் என்று பெயர் வைத்தபோது 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட். 2023இல் அதை 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள். ஒரு வீடியோ பேச்சுக்கு 2, 3 எம்பிபிஎஸ் போதும். பிறகு ஏன் ஃபைபர் என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கும் அதே 2, 3 தடங்காமல் வர வேண்டும், வருகிற மாதிரியே போகவும் வேண்டும். விளம்பரத்தில் வேகத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வயசானவர்களுக்கு வேகத்தைவிட நிதானம் முக்கியம், நெட்டிலும் அப்படித்தான்.

முதல் நாள் சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து பேசினாள். அக்கா கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். இவள் முதலில் கேட்டது, "கண்ணு எப்படி இருக்கு?" அக்கா சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்வது நின்றது. சண்டை ஆரம்பித்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பட்டுப்புடவை விவகாரம். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீடு கட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தை. மனை வாங்கும் முன்பே, அந்தத் தெருவில் குடியிருக்கிற யாரிடமாவது "நெட் யாருடையது?" என்று கேளுங்கள். பின்கோடை நம்பாதீர்கள். கட்டடங்களில் இணைய வசதி எப்படி என்று பார்த்து மதிப்பீடு கொடுக்க 2024இல் டிராய் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது, அடுக்குமாடி வாங்குகிறவர்கள் பில்டரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம். தனி வீடு என்றால் காலி பைப் இரண்டு வையுங்கள், வளைவு குறைவாக இருக்கட்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரண்டு வாயையும் துணி வைத்து அடைத்துவிட்டுப் பூச்சு வேலை பார்க்கச் சொல்லுங்கள். பைப் எங்கே ஓடுகிறது என்று பூசுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். ஹாலில் பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். இன்னொன்று, பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபர் அப்படி இல்லை. நம் வீட்டுப் பெட்டிக்கு நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அதற்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போகும்போது அதன் அருமை தெரியும்.

கேபிள்காரர் இரண்டாவது பெட்டியும் மாட்டிவிட்டார். தெருவில் இப்போது பதினான்கு வீட்டில் நெட் இருக்கிறது. சென்னைப் பையன் வாரத்தில் மூன்று நாள் இங்கேதான். அவன் அம்மா காலையில் அவனுக்கு இட்லி ஊற்றும் சத்தம் எங்கள் சமையலறைக்குக் கேட்கிறது, அதாவது எனக்குக் கேட்கிறது. முனைவீட்டுக்காரர் மீசையைக் கொஞ்சம் கத்தரித்திருக்கிறார். என் மனைவியைத் தெருவில் பார்த்தால் நின்று, முகத்தை நேரே காட்டி, "சாப்பிட்டாச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.